இண்டால் ஆற்றின் வரலாறு – 6: ஏரி உடைந்த இரவு

ஸ்வீடனின் நடுப்பகுதியில், நார்வே எல்லையை ஒட்டிய மலைகளில் தோன்றி, ஸ்டூர்ஷோன் என்னும் பேரேரியைக் கடந்து, ஏறத்தாழ 430 கிலோமீட்டர் ஓடிப் பொத்னியா வளைகுடாவில் கலக்கும் இண்டால் ஆற்றின் பள்ளத்தாக்கு, பனிப்படலத்தின் அடியிலிருந்து எவ்வாறு வெளிப்பட்டது என்பதை இத்தொடரின் முதற்பகுதிகள் விவரித்தன. பள்ளத்தாக்கின் மேற்பகுதியான யெம்ட்லாண்ட் மாகாணம் 1645இல் புரும்செப்ரூ உடன்படிக்கையின் வழியே டென்மார்க்–நார்வே முடியாட்சியின் கையிலிருந்து ஸ்வீடனுக்கு மாறியதும், கீழ்ப்பகுதியான மெடல்பாட் மாகாணத்தின் கடற்கரையில் சுன்ட்ஸ்வால் துறைமுக நகரம் 1621இல் நிறுவப்பட்டதும் அவற்றில் இடம்பெற்றன.

மேலே காடும் கீழே துறைமுகமும் ஓர் அரசின்கீழ் வந்த பிறகும், அவற்றை இணைக்க வேண்டிய ஆறு ஓர் இடத்தில் மட்டும் வழிவிட மறுத்தது. அந்த இடத்தில் 1796 ஜூன் 6ஆம் நாள் இரவு நிகழ்ந்தது இந்தப் பகுதியின் பொருள்.

மரம் இருந்தது, வழி இல்லை

ரகுண்டா என்பது யெம்ட்லாண்டின் கிழக்கு விளிம்பில், சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றோடு ஆறாகப் படுத்திருந்த ஒடுங்கிய ஏரி. மேற்கிலிருந்து வரும் இண்டால் ஆறு அதற்குள் நுழைந்து, வேகம் தணிந்து, மறுமுனையில் ஸ்டூர்போர்சன் என்னும் அருவியாகச் சுமார் 35 மீட்டர் கீழே பாய்ந்தது.

அருவிக்குக் கீழே ஆற்றின் போக்கு வேறு. மனிதரின் பிழைப்பும் வேறு. கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீன்கள் அருவியின் அடிவரை வந்து, அதற்குமேல் ஏற முடியாமல் நின்றுவிடுவதால், கீழ்ப்பகுதிக் குடியானவர்களுக்கு மீன்பிடி உரிமை நிலத்துக்கு நிகரான சொத்தாக இருந்தது.

அருவிக்கு மேலே வாழ்ந்தவர்களின் செல்வம் காடு. பைன், ஸ்புரூஸ் மரங்கள் அடர்ந்த அந்தக் காட்டின் மரத்துக்குக் கடற்கரையில் இருந்த நீர்விசை அறுவை ஆலைகளில் தேவை கூடிக்கொண்டே வந்தது. சாலை இல்லாத நாட்டில் மரத்தைக் கொண்டுசெல்லும் முறை ஒன்றுதான்: குளிர்காலத்தில் வெட்டி, பனியின்மேல் குதிரைகளால் இழுத்து ஆற்றங்கரையில் அடுக்கி, பனி உருகி வெள்ளம் வரும்போது ஆற்றில் தள்ளிவிட வேண்டும், மரத்தை ஆறே கடற்கரைக்குச் சுமந்து செல்லும்.

ஸ்டூர்போர்சனில் அந்த முறை தோற்றது. அருவியில் விழும் மரங்கள் பாறைகளில் மோதிப் பிளந்து, அறுக்கவே உதவாத சிம்புகளாகக் கீழே போய்ச் சேர்ந்தன. ஆகவே அருவியைச் சுற்றிக்கொண்டு செல்ல ஒரு கால்வாய் வேண்டும் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே எழுந்தது. தொடக்க முயற்சிகள் கைவிடப்பட்டன.

இங்கே ஸ்வீடன் குடியானவரின் நிலையைச் சற்று விளக்க வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளில் குடியானவர் நிலப்பிரபுவின் ஆளாக இருந்த காலத்தில், ஸ்வீடனில் சொந்த நிலம் வைத்திருந்த குடியானவர்கள் நாட்டின் பேரவையில் பிரபுக்கள், குருமார்கள், நகரத்தார் ஆகியோருக்கு அடுத்த நான்காம் அணியாக அமர்ந்து வாக்களித்தனர். மனு எழுதவும், நிறுவனம் அமைக்கவும், வேலைக்கு ஆள் நியமிக்கவும் அவர்கள் பழகியிருந்தனர். ரகுண்டாப் பக்கத்துக் குடியானவர்கள் கால்வாய்க்காகத் தங்களுக்குள் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்திக்கொண்டது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

1793இல் புதிய முயற்சியைத் தலைமையேற்று நடத்த அமர்த்தப்பட்டவர் மாக்னுஸ் ஹுஸ் என்ற வணிகர். 1755இல் பிறந்த அவர் மேற்பகுதிக்காரர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. அருவிக்குக் கீழே, மெடல்பாட் மாகாணத்தின் லீடன் ஊர்ப்பிரிவில் ஆற்றின் கரையிலேயே பிறந்து, பிறகு சுன்ட்ஸ்வாலில் வணிகம் செய்தவர். ஆற்றின் இரு பகுதிகளையும் அறிந்த அவருக்கு அருவிதான் இரண்டு உலகங்களையும் பிரிக்கும் தடையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பாறை ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம்

வரப்போகும் அழிவுக்கான முதற்காரணம் ஹுஸ் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஏரியின் கரையில் அமைந்துவிட்டது.

பனிப்படலம் பின்வாங்கிய காலத்தில், உருகிய நீர் பனிக்கு அடியிலும் முன்னாலும் ஓடியபோது சுமந்து வந்த மணலையும் சரளையையும் பெருங்குவியல்களாக விட்டுச் சென்றது. அத்தகைய குவியல் ஒன்று ரகுண்டாவில் ஆற்றின் பழைய பள்ளத்தாக்கையே அடைத்துக்கொண்டது. வழி அடைபட்ட ஆறு பின்னே தேங்கி ஏரியாகி, மட்டம் உயர்ந்து, பக்கத்திலிருந்த ஒரு பாறைத் தோளின் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் வழிந்தது. அந்த வழிவே ஸ்டூர்போர்சன் அருவி.

மனிதர் கட்டிய ஏரியில் மிகைநீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கல்லால் ஒரு கலிங்கு கட்டுவார்கள். மண்கரையின் உயிர் அந்தக் கலிங்கில் இருக்கும். ரகுண்டாவின் பாறைத் தோள் இயற்கை அமைத்த கலிங்கு. பள்ளத்தாக்கை அடைத்த மணல்மேடு அதன் மண்கரை.

கடினமான பாறை, அதன்மேல் ஓராயிரம் ஆண்டு நீர் ஓடினாலும் சிறிதளவே தேயும். மணல்மேடும் நிலைத்து நிற்கும், அதன்மேல் நீர் ஓடாதவரை. அருவி எவ்வளவு பேரிரைச்சலோடு விழுந்தாலும் ஆபத்தில்லாதது. பக்கத்தில் மரம் முளைத்து அமைதியாக நின்ற மேடுதான் ஆபத்தானது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியின் முழு எடையையும் தாங்கி நின்றது அதுதான்.

கால்வாய் வெட்ட வேண்டும் என்றால் பாறையில் வெட்டுவது அக்காலக் கருவிகளுக்கு மிகக் கடினம்; மணலில் வெட்டுவது எளிது. ஆகவே மணல்மேடு தேர்ந்தெடுக்கப்பட்டது. எளிமையைக் கருதி எடுத்த இந்த ஒரு முடிவில்தான் பள்ளத்தாக்கின் வரலாறு திரும்பியது என்று சொல்வது மிகையாகாது.

மணலோடு ஒரு போராட்டம்

வேலை திட்டமிட்டபடி நகரவில்லை. மணலில் தோண்டிய பள்ளத்தின் பக்கங்கள் சரிந்து மீண்டும் பள்ளத்தையே நிரப்பும் என்பது மண்வேலை அறிந்த எவருக்கும் தெரியும். அகற்ற வேண்டிய மண்ணின் அளவுக்கு ஆள்பலம் போதவில்லை. வேலைக்காலமோ பனி விலகிய சில மாதங்கள் மட்டுமே.

கீழ்ப்பகுதி மக்களின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டது. கால்வாய் திறந்தால் மரங்கள் கும்பல் கும்பலாக வந்து மீன்பிடிக் கட்டுகளைச் சிதைக்கும், கலங்கிய நீரில் மீன் வராது என்று அவர்கள் அஞ்சினர். நடந்த வேலையைக் குலைக்க அவர்களில் சிலர் முயன்றதாகவும் கூறப்படுகிறது. அந்த அச்சம் அளவில் தவறியது, திசையில் தவறவில்லை.

இந்த நெருக்கடியில் ஹுஸ் கையாண்ட உத்தி புத்திசாலித்தனமானது. மண்வெட்டி செய்ய முடியாததை நீர் செய்யட்டும் என்று, அருகிலிருந்த ஓர் ஓடையின் நீரைத் திருப்பிக் கால்வாய்த் தடத்தில் பாய்ச்சினார். ஓடும் நீர் மணலைக் கரைத்துச் சுமந்து கீழே தள்ள, பல ஆட்களின் பல நாள் வேலை தானாக முடிந்தது.

ஆனால் அந்த உத்தியின் வெற்றியே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். சிற்றோடையின் நீர் இவ்வளவு எளிதாக அறுத்துச் செல்லும் மண்ணில், ஸ்வீடனின் பெரிய ஆறுகளுள் ஒன்றின் நீர் நுழைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை வேலையிடத்தில் யாரும் கேட்டிருந்தாலும், அது வேலையை நிறுத்தும் அளவுக்கு வலுவாகக் கேட்கப்படவில்லை. கால்வாயின் படுகைக்கு அடியில் எவ்வளவு ஆழம்வரை மணல் இருக்கிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமலேயே வேலை 1796ஆம் ஆண்டின் இளவேனிலை எட்டியது.

ஜூன் 6

வட ஸ்வீடனின் ஆறுகளுக்கு ஆண்டில் ஒரு பெரும் பருவம் உண்டு. ஆறேழு மாதங்கள் பனியாகத் தங்கிய நீர், மே, ஜூன் மாதங்களில் வெயில் ஏற ஏறச் சில வாரங்களுக்குள் உருகி ஆற்றுக்குள் இறங்கும். இதனையே இளவேனில் வெள்ளம் என்பர். 1796இல் அந்த வெள்ளம் வழக்கத்தை மிஞ்சியிருந்தது.

ரகுண்டா ஏரியின் மட்டம் உயர்ந்துகொண்டே வந்தது. மற்ற ஆண்டுகளில் மிகைநீர் முழுவதும் பாறையின்மேல் வழிந்து அருவியாக விழுந்திருக்கும்; மணல்மேடு நனையாமல் நின்றிருக்கும். இந்த முறை மேட்டின் குறுக்கே மனிதர் வெட்டிய, இன்னும் முடிவுறாத ஒரு தடம் காத்திருந்தது. உயர்ந்த ஏரி அந்தத் தடத்துக்குள் நுழைந்தது.

முதலில் நுழைந்த நீர் அதிகமில்லை. ஆனால் கால்வாயின் கீழ்முனையில் சரிவு கடுமையாக இருந்ததால், நீர் அங்கே விழுந்த இடத்தில் மணல் குழிந்தது. குழியின் மேல்விளிம்பு இடிந்தது. இடிந்த விளிம்பு படிப்படியாக மேல்நோக்கி, ஏரியை நோக்கி நகர்ந்தது. நிலவியலார் இதனைப் பின்னோக்கிய அரிப்பு என்று அழைக்கின்றனர். நீர் கீழ்நோக்கி ஓடும்போது, அது வெட்டும் பள்ளம் நீரின் திசைக்கு எதிராக மேலேறும்.

அந்தப் பள்ளம் ஏரியின் விளிம்பைத் தொடும் கணம்வரை எல்லாம் மெதுவாகவே நடக்கும். தொட்டபின் கணக்கு மாறிவிடும்: வாய் ஆழமாக ஆக அதிக நீர் பாயும், அதிக நீர் பாயப் பாய வாய் இன்னும் ஆழமாகும். ஏரி காலியாகும்வரை, அல்லது பாறை குறுக்கிடும்வரை, இதனை நிறுத்தும் ஆற்றல் எதற்கும் இல்லை.

ஜூன் மாதத்தில் அந்த வட அட்சத்தில் இரவு முழு இருளாக இருப்பதில்லை. சூரியன் மறைந்த பிறகும் வானம் வெளுத்தே கிடக்கும். அந்த மங்கிய வெளிச்சத்தில், 6ஆம் நாள் இரவுக்கும் 7ஆம் நாள் காலைக்கும் இடையே, மணல்மேடு உடைந்தது.

ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ரகுண்டா ஏரி முழுவதும் வெளியேறியது.

கீழே இறங்கிய ஏரி

உடைப்பிலிருந்து புறப்பட்ட வெள்ளத்தின் முகப்பு, தொடக்கத்தில் சுமார் 25 மீட்டர் உயரத்துக்கு எழுந்ததாகக் கணிக்கப்படுகிறது. அது சுத்தமான நீரன்று. மணல்மேட்டின் பெரும்பகுதியையும், வழியில் பிடுங்கிய காட்டையும், கரைகளின் மண்ணையும் கரைத்துக்கொண்ட சேற்றுக் குழம்பு.

கீழ்ப்பள்ளத்தாக்கின் அமைப்பு வெள்ளத்துக்குச் சாதகமாக இருந்தது. பனிப்படலத்தின் எடை நீங்கியபின் நிலம் மெல்ல உயர்ந்துவர, ஒருகாலத்தில் கடல்நுழைகழியாக இருந்த பள்ளத்தாக்கில் படிந்த வண்டலை ஆறு அறுத்து இறங்கியதால், இரு கரைகளிலும் செங்குத்தான மணற்சுவர்கள் நின்றன. உள்ளூர் மக்கள் இவற்றை நிப்பா என்பர். ஒடுங்கிய அந்தச் சுவர்களுக்கிடையே வெள்ளம் பரவித் தணிய இடமில்லை. சுவர்களின் அடியைக் கரைத்து, மேலிருந்த வயலையும் காட்டையும் சரித்து, மேலும் கனத்துக்கொண்டே கடலை நோக்கிச் சென்றது.

ஆற்றோரத்துப் புல்வெளிகள், வைக்கோற் களஞ்சியங்கள், மாவு ஆலைகள், அறுவை ஆலைகள், படகுகள், தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த மீன்பிடிக் கட்டுகள் ஆகியன அழிந்தன. மரங்கள் உடையாமல் கடலுக்குப் போக வேண்டும் என்று தொடங்கிய வேலை, மரங்களை வேரோடு கடலுக்கு அனுப்பியது. ஹுஸ் பிறந்த லீடனும் வெள்ளத்தின் பாதையில்தான் இருந்தது.

இவ்வளவு பெரிய அழிவில் ஒருவர்கூட உயிரிழந்ததாகப் பதிவில்லை என்பது வியப்பானது. வீடுகள் பலவும் ஆற்றை விட்டு உயர்ந்த படிநிலங்களில் இருந்ததும், வெளிச்சம் குன்றாத இரவாக அது அமைந்ததும் காரணமாக இருக்கலாம். நிலமும் வலையும் ஆலையும் இழந்த குடும்பங்களுக்கோ அந்த ஆண்டின் குளிர்காலம் இனிமேல்தான் வரவிருந்தது.

காலையில் கண்டது

7ஆம் நாள் காலை, மேற்பகுதி மக்களின் முன்னே இரண்டு காட்சிகள் இருந்தன. அவர்கள் மீன்பிடித்த, படகோட்டிய, குளிர்காலத்தில் பனிமேல் வண்டி செலுத்திய ஏரி இல்லை. அதன் இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுப்படுகை கிடந்தது. நாளும் இரவும் இரைந்துகொண்டிருந்த ஸ்டூர்போர்சனில் ஒரு சொட்டு நீரும் இல்லை.

ஆறு மணல்மேட்டை உடைத்ததும் தான் பனிக்காலத்தில் இழந்த பழைய பள்ளத்தாக்கையே திரும்ப எடுத்துக்கொண்டது. பாறைத் தோளைத் தாண்டிச் செல்ல வேண்டிய தேவை அதற்கு இனி இல்லை. நீர் வற்றிய அருவி இன்று ‘இறந்த அருவி’ என்ற பொருளுடைய டோடா ஃபாலெட் என்னும் பெயரில் பாதுகாக்கப்படுகிறது. சுழலும் கற்கள் பாறையில் குடைந்த ஆழமான குழிகளை அங்கே கால்நனையாமல் நடந்து பார்க்கலாம்.

ஆற்றின் அரிப்பு மேல்நோக்கித் தொடர்ந்தது. ஏரியின் மென்மையான அடிமண்ணை வெட்டிக்கொண்டே சென்ற ஆறு, புதைந்திருந்த பாறைகளை எட்டிய இடத்தில் ஹம்மார்போர்சன் என்னும் புதிய ஆற்றுப்பாய்ச்சல் உருவானது. ஓர் அருவி சாகும்போது அதே ஆற்றில் இன்னொன்று பிறந்தது என்பது நிலவியலில் ஆண்டுக்கணக்கோடு சொல்லக்கூடிய மிக அரிய நிகழ்வு. ஏரியின் அடித்தளம் காலப்போக்கில் விளைநிலமாகி, ஹம்மார்ஸ்ட்ராண்ட் என்ற ஊர் அதன்மேல் எழுந்தது.

ரகுண்டாவிலிருந்து கரைந்த மண் காணாமற்போகவில்லை. ஆற்றின் வாயில், சுன்ட்ஸ்வாலுக்கு வடக்கே அது படிந்து கழிமுகத்தைக் கடலுக்குள் நீட்டியது. அந்தப் பகுதிக்கான விமான நிலையம் இன்று அந்தக் கழிமுக மண்ணில்தான் இருக்கிறது.

இன்னொரு விளைவு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே வெளிப்பட்டது. ஏரியின் அடியில் ஆண்டுக்கோர் அடுக்காகப் படிந்த வண்டலை ஆறு வெட்டித் திறந்து வைத்திருந்ததால், மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவதுபோல் அந்த அடுக்குகளை எண்ண முடிந்தது. ஸ்வீடனின் நிலவியலாளர் யெரார்ட் டெ யேர் அங்கே வந்து எண்ணினார். கடைசி அடுக்கின் ஆண்டு 1796 என்று ஐயமின்றித் தெரிந்திருந்தது அவருக்குக் கிடைத்த பெரும் பேறு. அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, பனிப்படலம் பின்வாங்கிய காலத்தைச் சமகால ஆண்டுகளோடு இணைக்க அவர் முயன்றார். கடந்த 12,000 ஆண்டுகளுக்கான அவருடைய காலக்கணக்கு 1910இல் ஸ்டாக்ஹோமில் கூடிய அனைத்துலக நிலவியல் மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. எண்ணிக்கை பின்னர் திருத்தப்பட்டாலும், முறை நிலைத்துவிட்டது.

பழி யாருக்கு?

மக்களின் நினைவில் இவ்வளவும் ஒரே மனிதரின் பெயரோடு கட்டப்பட்டது. மாக்னுஸ் ஹுஸ் அன்றிலிருந்து ‘வில்ட்-ஹுஸ்’, அதாவது கட்டுக்கடங்காத ஹுஸ் ஆனார்.

அந்தப் பெயர் நியாயமானதன்று. கால்வாய் வேண்டும் என்று கேட்டவர்கள் மேற்பகுதிக் குடியானவர்கள். நிறுவனம் அமைத்தவர்களும் அவர்களே. பல பத்தாண்டுகள் அந்த ஆசை பலர் மனத்தில் இருந்தது. ஆற்றின் விசையைக் குறைத்து மதித்த பிழை ஹுஸுக்கு உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் மணல்மேட்டின் உட்புறத்தை ஆராயாமல் அதன்மேல் பந்தயம் வைத்தவர்களின் பட்டியலில் அவர் பலருள் ஒருவர்.

மேலும், நிறுவனம் விரும்பியது கிடைத்தும் விட்டது. அருவி போய்விட்டது, மரங்கள் உடையாமல் கடற்கரை சேர வழி திறந்தது. அடுத்த நூற்றாண்டில் சுன்ட்ஸ்வால் வட்டாரத்தில் நீராவி அறுவை ஆலைகள் பெருகியபோது, யெம்ட்லாண்டின் காடுகள் இந்த வழியே இறங்கின. வெற்றியின் பயன் மேலிருந்தவர்களுக்கும் விலை கீழிருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்ததுதான் அநீதி.

புதிதாகத் தோன்றிய நிலம் யாருக்கு, அழிந்த மீன்பிடிக்கு ஈடு யார் தருவது என்ற வழக்குகள் தொடங்கின. அவற்றின் இழுபறி தலைமுறைகள் கடந்து 20ஆம் நூற்றாண்டு வரை நீண்டது. ஆனால் முதல் கணக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டதோ என்ற ஐயம் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கிறது.

1797இல், ஏரி உடைந்த மறு ஆண்டே, மாக்னுஸ் ஹுஸ் அதே இண்டால் ஆற்றில் மூழ்கி இறந்தார். நிலமிழந்தவர்கள் அவரைத் துடுப்பில்லாத படகில் தள்ளிவிட்டார்கள் என்பது மக்கள் வழக்கு. ஆற்றை நன்கு அறிந்த ஒருவரின் படகு தானாகக் கவிழ்ந்ததா, கவிழ்க்கப்பட்டதா? அடுத்த பகுதி அந்தப் படகிலிருந்து தொடங்கும்.